தனித் தலைக்கட்டு

கொல்லிமலையில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு விலைக்குப் பிடிக்கப் போகிறவனுக்கு எல்லா வீட்டு வாசலும் தெரியும். எந்த வீட்டு உள்ளும் தெரியாது. கிழங்கைத் தோண்டி வாசலில் குவித்திருப்பார்கள். எடை போட்டு, லாரியில் ஏற்றி, வளைவு வளைவாக அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிவிடுவோம். ஜவ்வரிசி ஆக்குகிற சேகோ மில்லுக்குப் போய்ச் சேருவதற்குள் கிழங்கு கறுத்துவிடக் கூடாது, எங்கள் கவலையெல்லாம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட எனக்கு ஈச்சங்குழிப்பட்டியில் ஒரு வீட்டின் உள் விவகாரம் தெரியவந்தது என்றால், அந்த வீடு இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி வெளியே வந்துவிட்டதுதான் காரணம்.

ஈச்சங்குழிப்பட்டி, மலையின் நாடுகளில் ஒன்றான திருப்புலி நாட்டைச் சேர்ந்த சின்ன ஊர். பஸ் ரோட்டை விட்டு இறங்கி ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். ஊரின் கடைசி வீடு குழந்தைசாமியுடையது. அவர், அவர் சம்சாரம் அத்தாயி, மகன் செல்வம், இரண்டாயிரத்து இரண்டாம் வருசம் தை மாசம் கட்டி வந்த மருமகள் கோகிலா. பள்ளத்தில் சாமையும் ராகியும், மேட்டில் கிழங்கு, வீட்டைச் சுற்றி சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. பசி தெரியாத வீடு, கையில் காசு தங்காத வீடு. மலையில் பாதி வீடு அப்படித்தான்.

அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு வருசம் முன்பு மலையில் மிளகு விவசாயிகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். மிளகை மொத்தமாக விற்றுக் கொடுத்தார்கள், உரம் கொடுத்தார்கள், கூடவே நோவுக்கு இன்சூரன்சும் கொண்டுவந்தார்கள். மெட்ராஸ் கம்பெனி ஒன்று. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சித்திரை மாசம் கட்டிவிட்டால், அந்த வருசம் அந்தக் குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கம்பெனி செலவு. முதல் வருசம் கேட்டது ஒரு வெடக்கோழி விலை. கோழியை நரி தூக்கிப்போனது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் கட்டினார்கள். அந்த வருசமே பக்கத்து ஊர் ராசு மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்தான். ஒற்றை மூங்கிலில் கணு கணுவாகக் கால் வைத்து நாற்பதடி ஏறுகிற வேலை அது. பனியில் நனைந்த மூங்கில் யாரையும் பார்க்காது. ராசுவின் முதுகெலும்புக்குக் கம்பெனி காசு கொடுத்தது. அவன் எழுந்து உட்கார்ந்து துடைப்பம் கட்டுகிற அளவுக்குத் தேறினான். அதற்குப் பிறகு இன்சூரன்சு இல்லாமல் மரமேறுவது கோவணமில்லாமல் ஏறுவதுபோல ஆகிவிட்டது.

இரண்டாம் வருசம் விலை இரண்டு கோழி ஆயிற்று. அந்த வருசம் ஐப்பசியில் அத்தாயிக்கு மாரில் கட்டி. ராகிக் கதிர் அறுக்கும்போது கை தூக்க முடியவில்லை என்றுதான் முதலில் சொன்னாள். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து அறுத்து எடுத்தார்கள். ஒரு மாரையே எடுத்துவிட்டார்கள். கம்பெனி முழுசாகக் கொடுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும், பல தடவை வர வேண்டும் என்றார் டாக்டர். பங்குனி வரைக்கும் ஏற்றியதற்கும் கம்பெனியே கட்டியது. அத்தாயியின் உடம்பு எப்படிப் போகுமோ என்ற பயத்தில்தான் செல்வத்துக்கு அவசரமாகக் கோகிலாவைக் கட்டி வைத்தார்கள்.

சித்திரை வந்தது. சங்கத்தில் வேலை பார்க்கிற அம்சவேணி வந்தாள். ராசிபுரத்துப் பெண், நல்ல மனசுக்காரி, மலை ஏறி வந்த களைப்பில் வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாளாம். கம்பெனி விலையை ஏற்றிவிட்டது. ஊருக்கெல்லாம் ஒரு ஆட்டுக்குட்டி விலை. பெரிய நோவு கண்ட குடும்பத்துக்கு மட்டும் தனி விலை. குழந்தைசாமி வீட்டுக்கு அது ஒரு சினை மாட்டின் விலை. கட்டினால் நாலு பேருக்கும் உண்டு. கட்டாவிட்டால் நாலு பேருக்கும் இல்லை. நோவுக்காரரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் கட்டலாமா என்றால், அது முடியாது, ஒரு குடும்பம் என்றால் முழுக் குடும்பம்.

எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாகத்தான் வருகிறது. நோவு வந்தால் உதவுவதற்கு என்று காசு வாங்குகிறவன், நோவு வந்தவள் வீட்டில் வந்து உனக்கு விலை அதிகம் என்கிறான். இதை அம்சவேணியிடமே ஒருநாள் சொன்னேன். அவள், அண்ணா, நான் சம்பளக்காரி, என்னைப் பிடித்து உலுக்கி என்ன செய்வது என்றாள். அதுவும் சரிதான்.

அந்த வீட்டில் விற்பதற்கு சினை மாடு இல்லை. கறவை மாடு ஒன்று இருந்ததைக் கல்யாணத்துக்கு விற்றிருந்தார்கள். செல்வம், இந்த வருசம் நான் மரமே ஏறவில்லை, இன்சூரன்சே வேண்டாம் என்றான். அவன் தன் வீட்டு மரத்தில் மட்டும் ஏறுகிறவன் இல்லை. தை, மாசி இரண்டு மாசமும் ஊரான் தோட்டமெல்லாம் கூலிக்கு ஏறுகிறவன். அந்தக் கூலிதான் அந்த வீட்டின் வருசச் செலவு. ஏறாவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்தது.

அம்சவேணிதான் அந்த யோசனையைச் சொன்னாள். நல்லதற்குத்தான் சொன்னாள். அத்தாயக்காவைத் தனிக் குடும்பம் என்று பேருக்கு எழுதிவிடலாம், தனி ரேஷன் கார்டு ஒன்று வாங்கிவிடலாம், ஊர்க்கவுண்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்ற மூன்று பேரும் ஆட்டுக்குட்டி விலைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்றாள். சங்கத்தில் உறுப்பினர் குழந்தைசாமி. அவர் இந்தப் பக்கம் இருந்தால்தான் செல்வத்துக்கு இன்சூரன்சு. அதனால் அத்தாயி மட்டும் தனி.

கீழ்நாட்டில் இதெல்லாம் ஒரு நாள் வேலை. ஒரே வீட்டுக்கு மூன்று கார்டு வாங்கி மூன்றுக்கும் சர்க்கரை வாங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஈச்சங்குழிப்பட்டியில் நடக்காது. அங்கே குடும்பம் என்பது அடுப்புக் கணக்கு. ஒரு அடுப்பு, ஒரு தலைக்கட்டு. சித்திரையில் வருகிற ஊர் நோன்பித் திருவிழாவுக்கு வரி போடுவதும், கெடா வெட்டினால் கறிப் பங்கு வைப்பதும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான். மகன் தனியாகப் போக வேண்டுமென்றால் கருப்பன் கல்லுக்கு முன்னால் ஊர் கூடி, பழைய அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துப் புது அடுப்பில் போட வேண்டும். அப்படிப் பிரிந்த பிறகு, அடுத்த நோன்பி வரைக்கும் ஊர் எல்லைக்குள் அந்த இரண்டு அடுப்புக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வெந்த சோற்றைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பச்சையாக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். பிரிந்த அன்றைக்கே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குழம்புக்கு ஓடி வந்து, யார் அதிகம் கொடுத்தார்கள் என்று சண்டை போடக் கூடாது என்பதற்காக யாரோ பெரியவர்கள் போட்ட வழக்கம். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அது தொல்லையே இல்லை. இரண்டு பேரும் ஒரு வருசம் தனியாகச் சாப்பிடக் கசக்குமா?

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சின்னக்கண்ணு, அம்சவேணி சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். குழந்தைசாமியும் அத்தாயியும் பக்கத்தில் நின்றார்கள்.

"பேருக்குப் பிரியறதுன்னு எங்க ஊர்ல ஒண்ணு கிடையாதும்மா" என்றார். "நெருப்புப் பிரிஞ்சாத்தான் பிரிவு. அதுக்கு முந்தி நான் கையெழுத்துப் போட்டா அது பொய்க் கையெழுத்து."

"ஒரே ஒரு கையெழுத்துதானுங்களே, கவுண்டரே."

"நாளைக்கு உங்க கம்பெனிக்காரன் ஊருக்குள்ள வந்து விசாரிச்சா, இங்க சின்னப் புள்ளகூட உள்ளதத்தான் சொல்லும். அன்னிக்கு இந்தப் பையன் மரத்துல இருந்து விழுந்து கெடந்தான்னா, பொய் சொன்னவனுக்குக் காசு கொடுப்பானா?"

சின்னக்கண்ணுவைக் குற்றம் சொல்லலாம் என்று நானும் பலமுறை பார்த்தேன்; அவர் சொன்னதில் ஓட்டை கிடைக்கவில்லை. குழந்தைசாமி தலையைக் குனிந்துகொண்டே நின்றாராம். அத்தாயிதான் பேசினாள்.

"அப்பிடின்னா நெசமாவே பிரிச்சுருங்க. நான் ஒருத்தி நோவாளி. எனக்கோசரம் மூணு பேரும் இன்சூரன்சு இல்லாம நிக்கோணுமா?"

புருசன் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் தனித் தலைக்கட்டாக ஆனது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

அந்த வருச நோன்பி முடிந்த கையோடு, நாவல் மரத்தடியில் கருப்பன் கல்லுக்கு முன்னால் நெருப்புப் பிரித்தார்கள். வீட்டில் இருக்கிற பெண், போகிற பெண்ணுக்கு நெருப்புக் கொடுக்க வேண்டும். எப்போதும் மாமியார் கொடுப்பாள், மருமகள் வாங்கிக்கொண்டு போவாள். அன்றைக்கு மருமகள் கொடுத்தாள், மாமியார் வாங்கினாள். கோகிலா கொடுக்கும்போது ஒரு கங்கு ஓட்டாஞ்சில்லிலிருந்து கீழே விழுந்துவிட்டது. அத்தாயி வெறும் விரலால் அதை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டாள். வந்திருந்தவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிரிவினைக்குக் கூடினால் சிரிப்பும் கேலியுமாக இருக்கிற கூட்டம், அன்றைக்குச் சாவு வீட்டிலிருந்து போவதுபோலச் சொல்லாமல் கலைந்து போயிற்று.

கிழங்குக் காட்டு ஓரத்தில் மிளகுப் பாயும் ஏணி மூங்கிலும் போட்டு வைக்கிற கொட்டாய் ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து அத்தாயி குடிபோனாள். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். இந்தக் கூரைப் புகை அந்த வாசலில் நின்றால் தெரியும், அந்தக் கூரைப் புகை இங்கே நின்றால் தெரியும்.

அறுத்த பக்கத்துக் கை அவளுக்கு வீங்கியே இருந்தது. உலக்கை பிடிக்க முடியாது. கோகிலா சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாகக் கொண்டுவந்து வைப்பாள். அவரைக்காய், முருங்கைக்கீரை, ஆனி மாசத்தில் பலாப்பழம், செல்வம் எங்கோ பாறையில் எடுத்த தேன். எல்லாம் வந்தது. பச்சையாக வந்துகொண்டே இருந்தது. அதை ஆக்கித் தின்பதற்குத்தான் அவளுக்குத் தெம்பு இல்லை. மருந்து ஏற்றி வந்த நாட்களில் எழுந்து உட்காரவே முடியாது. அந்த வீட்டிலிருந்து மொச்சைக் குழம்பு கொதிக்கிற வாசனை காற்றோடு வரும். அந்தக் குழம்பு அவள் கை கண்ட குழம்பு. ஒரு கரண்டி கொடுங்கள் என்று கேட்கவும் முடியாது, அவர்கள் கொடுக்கவும் முடியாது.

ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஊருக்கே கோழி விலை ஆட்டுக்குட்டி விலையாக ஏறியது அத்தாயியின் நோவினால்தான் என்று யாரோ சங்கத்தில் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்பதற்கே கூசினார்கள். கேட்டால் குத்திக்காட்டியதாக நினைத்துக்கொள்வாளோ என்று பயம். அவளுக்கோ, கேட்காததுதான் குத்தியது. தண்ணீருக்கு ஓடைக்குப் போனால் மற்ற பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி, சீக்கிரம் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் கீழ்நாட்டுக்காரன். எனக்கு அந்த ஊரில் எந்த அடுப்பும் கணக்கில்லை. அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அந்த ஊரில் வழக்கம் தடுக்காத ஆள் நான் ஒருவன்தான் என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. லாரி சத்தம் கேட்டாலே கிழங்கை உரித்து உலையில் போட்டுவிடுவாள். ஒரு ஆளுக்கு நாலு ஆள் கிழங்கு. பச்சை மிளகாயும் உப்பும் நசுக்கி வைப்பாள். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே தானும் தின்பாள். வயிறு நிறைந்துவிட்டது என்றால் விடமாட்டாள்.

"இன்னொரு துண்டு எடுத்துக்குங்க சாமி. நீங்க எந்திரிச்சுட்டா நானும் எந்திரிச்சிருவேன்."

அவசரத்தில் ஒன்றிரண்டு நாள் இறங்காமலே ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறேன். கிழங்கு கறுத்துவிடுமே என்ற அவசரம்.

இன்சூரன்சு போன பிறகு மருந்து ஏற்றுவது சேலம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில்தான். ஒரு தடவை ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். அடுத்த தடவை மருந்து வரவில்லை என்பார்கள். அதற்கடுத்த தடவை ஏற்றுவார்கள். இழுத்துக்கொண்டே போயிற்று. குழந்தைசாமிதான் கூடப் போவார். விடிந்ததும் பஸ் பிடித்து, இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார்கள். சில நாள் என் லாரியில் காரவள்ளி வரைக்கும் வருவார்கள். வளைவுகளில் அத்தாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். இவ்வளவு கஷ்டப்படுகிற பெண் மருந்து ஏற்றுகிற நாளில் மட்டும் முகத்தைக் கழுவி, தலை முடி கொட்டிப்போன இடத்தை முக்காட்டால் மறைத்து, திருவிழாவுக்குப் போகிறவள்போல முதல் ஆளாக வந்து நிற்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் குழந்தைசாமிதான் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைச் சோற்றுக்கு அடுப்புக் கணக்கு கிடையாது. ஊர் எல்லையும் அங்கே இல்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் ஒரு அம்மாள் இட்லி விற்கிறாள். அங்கே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். தன் இலையில் இருக்கிற வடையைப் பிட்டு அத்தாயி அவர் இலையில் வைப்பாள். அவர் சட்னியை அவள் பக்கம் தள்ளுவார்.

"எப்பிடியும் பாதி மலையில வாந்தியா வெளிய வந்துரும்னு அவளுக்கே தெரியும்" என்றார். "ஆனாலும் எனக்கு ரெண்டு சேத்தி வாங்கிக் குடுங்கன்னு கேப்பா. கல்யாணங் கட்டி இத்தனை வருசத்துல அவ என்கிட்ட வாய் விட்டுக் கேட்டதே அதுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கியரை மாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள். காலையிலிருந்து விடாத மழை, எதிரில் இருக்கிற மரம் தெரியாத மூடுபனி. மருந்து ஏற்றி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கொட்டாயில் புகை இல்லை என்று பார்த்துக் குழந்தைசாமி போயிருக்கிறார். அத்தாயி பாயில் சுருண்டு கிடந்தாள். முந்தின நாளும் சாப்பிடவில்லை. அடுப்பில் சாம்பலுக்குள் ஒரு கங்கு மட்டும் மீந்திருந்தது. வீட்டில் கோகிலா அப்போதுதான் களி இறக்கியிருந்தாள். ஓடிப்போய் ஒரு உருண்டை கொண்டுவந்தால் முடிந்தது. அவர் போகவில்லை. ஊதி ஊதி நெருப்பை மூட்டினார், தண்ணீர் வைத்தார், அவள் பானையில் இருந்த ராகி மாவை எடுத்துக் கிண்டினார். அவள் அடுப்பு, அவள் மாவு; கிண்டிய கை யாருடையது என்று வழக்கத்தில் கேள்வி இல்லை. பிறந்ததிலிருந்து கரண்டி பிடிக்காத மனுசன். களி கட்டி கட்டியாக வந்தது. அத்தாயியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துக் கொடுத்தார். அவள் இரண்டு வாய் விழுங்கினாள். சிரித்தாளாம். பிறகு ஒரு துண்டைக் கிள்ளி அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் தின்னுங்க. மழையில ஆரு பாக்கப் போறாங்க?"

அவர் வாங்கவில்லை.

"ஆரும் பாக்காட்டியும் நான் தின்னது தின்னதுதான புள்ள. சின்னக்கண்ணு கேட்டா இல்லீன்னு என்னால சொல்ல முடியாது. தை பொறந்தா பையன் மரமேறோணும்."

அவள் நீட்டிய கையை மடக்கி, அந்தத் துண்டைத் தானே தின்றாள். ஆமாங்க, பையன் மரமேறோணும் என்று அவளும் சொன்னாள். அவர் மழை விடுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டுவதற்கு முன்பு வீட்டுக்குப் போய் ஆறிப்போன களியைத் தின்றார். இதை அவரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அதை வாங்கித் தின்றிருக்க வேண்டுமா இல்லையா என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? இரண்டில் எதைச் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம்.

அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் வந்து களி கிண்டிக் கொடுத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போனார். கட்டியில்லாமல் கிண்டவும் பழகிக்கொண்டார். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார், எழுந்து போவார்.

மார்கழியில் சேலத்து டாக்டரம்மாள் பரிசோதனை செய்துவிட்டு, மருந்து முடிந்தது, நல்லபடியாக இருக்கிறது, இனிமேல் ஆறு மாசத்துக்கு வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள். குழந்தைசாமி கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்ததும் இட்லிக்காரம்மாளிடம் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவள் கேட்காமலே இரண்டு சேர்த்து வாங்கி வைத்தார். அவள் மெதுவாக, ஒவ்வொரு வாயாக, பஸ்ஸை விட்டுவிடுகிற அளவுக்கு மெதுவாகச் சாப்பிட்டாள்.

"அப்ப இனி ஆறு மாசம் வரக் கூடாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வர வேண்டாம் என்றுதான் டாக்டரம்மாள் சொன்னாள். அவள் காதில் வரக் கூடாது என்று விழுந்திருக்கிறது. நோவு தீர்ந்தது என்று கேட்டு அழுத ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரி வாசலில் அத்தாயியாகத்தான் இருக்கும். ஆனந்தத்தில் அழுகிறாள் என்று இட்லிக்காரம்மாள் நினைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு வடை சும்மா வைத்தாளாம்.

தையும் மாசியும் செல்வம் மரமேறினான். அந்த இரண்டு மாசமும் அத்தாயி கொட்டாய் வாசலில் உட்கார்ந்து எங்கே ஏணி மூங்கில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பனி விலகாத மலையில் மூங்கில் எப்படித் தெரியும்? தெரியாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விழவில்லை. அந்த வருசம் திருப்புலி நாட்டிலேயே யாரும் விழவில்லை. அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. கட்டிய ஆட்டுக்குட்டி விலைக்கு ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

பங்குனியில் அம்சவேணி வந்து சின்னக்கண்ணு வாசலில் ஊரைக் கூட்டினாள். கம்பெனி மறுபடியும் ஏற்றிவிட்டது. இந்தத் தடவை ஊருக்கு முழுக்க, நோவு கண்ட வீடு காணாத வீடு என்று இல்லாமல், எல்லோருக்கும் கன்று போட்ட மாட்டின் விலை. சங்கத்தால் முடியாது, விட்டுவிடப் போகிறோம் என்றாள். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் திரும்பிக் குழந்தைசாமியைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கொட்டாய்க்குச் சொல்லப் போனது சின்னக்கண்ணு. கிழவர் வாசலில் நின்றுகொண்டே, இன்சூரன்சு இல்லை என்றாகிவிட்டது, நோன்பி வருகிறது, நெருப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்றார். அத்தாயி குனிந்த தலை நிமிராமல் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல வருத்தமா, அத்தாயி?"

"இல்லீங்க. நீங்க ஒவ்வொரு நாளும் காலையில வந்து ஓடை மேட்டுல நின்னு என்ற புகையப் பாத்துட்டுப் போவீங்கல்ல. அத நான் பாத்துருக்கறேன்."

சின்னக்கண்ணு வழக்கம் மீறுகிறார்களா என்று வேவு பார்க்கத்தான் நிற்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. புகை வரவில்லை என்றால் தன் சம்சாரத்தை அனுப்புவதற்குத்தான் நின்றார் என்பது அத்தாயிக்குத் தெரிந்திருந்தது.

சித்திரையில் நோன்பி. கெடா வெட்டி, கறிப் பங்கு வைத்து, இரண்டு நாள் மேளம். நோன்பி அன்று நாவல் மரத்தடியில் கும்பிட்டுவிட்டு, ஊர் பார்க்க அத்தாயி தன் நெருப்பைக் கொண்டுபோய் வீட்டு அடுப்பில் கொட்டினாள். ஒதுங்கிப்போன பெண்களெல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாப்பாடு ஊருக்கே பொது.

மறுநாளைப் பற்றி என்னிடம் சொன்னது கோகிலா. கிழங்கு எடை போடும்போது, கொட்டாய் காலியாகக் கிடப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன், அத்தை வீட்டோடு வந்தாயிற்றா என்று. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நோன்பி முடிந்து முதல் சாதாரண நாள். கோகிலா பொழுதோடு உலை வைத்து, சாமை போட்டு, மொச்சைக் குழம்பு வைத்தாள். எல்லோரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும் என்று செல்வம் சொன்னான். உட்கார்ந்தார்கள். மாமனாருக்குப் போட்டாள், புருசனுக்குப் போட்டாள், அத்தைக்குப் போட்டாள். தனக்குப் போடப் போனால் கரண்டி பானையில் உரசுகிறது. சோறு இல்லை. அவள் கல்யாணமாகி வந்த மூன்று மாசமும் அத்தாயிதான் உலை வைத்தாள். கோகிலா அந்த வீட்டில் உலை வைத்ததே நெருப்புப் பிரிந்த பிறகுதான். ஒரு வருசமாகத் தினமும் மூன்று பேருக்கு அள்ளிப் போட்ட கை, கண்ணை மூடிக்கொண்டு மூன்று பேருக்கு அள்ளிப் போட்டிருக்கிறது.

கோகிலா கரண்டியோடு அப்படியே நின்றாள். குழந்தைசாமி எடுத்த கவளத்தை வாயில் வைக்காமல் தட்டில் வைத்தார். செல்வத்துக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. அத்தாயி தன் தட்டிலிருந்து பாதியை வழித்துக் கோகிலாவின் தட்டில் போட்டாள்.

"அதுக்கென்ன கண்ணு" என்றாள். "நாளைக்கு ஒரு பிடி சேத்திப் போடு."

மறுநாள் ஞாபகமாக ஒரு பிடி சேர்த்துப் போட்டேன் அண்ணா என்றாள் கோகிலா. அதற்கும் மறுநாள் மறுபடியும் மறந்துவிட்டாள். அன்றைக்குப் பானையைப் பார்த்த அத்தாயி, தட்டு வைப்பதற்கு முன்பே, பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.